உப்பிட்ட கஞ்சி: ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் சோறாக இருந்த காலம்

ஐரோப்பாவின் வடமேற்கு விளிம்பில் கிடக்கும் ஸ்காட்லாந்தில் கோடை குறுகியது, வெயில் மெலிந்தது, மண்ணோ பெரும்பகுதி ஈரமும் அமிலத்தன்மையும் மிக்கது. கோதுமை முற்றுவதற்கு வேண்டிய வெப்பம் அந்நாட்டின் கிழக்குத் தாழ்நிலங்களில் மட்டுமே ஓரளவு கிடைத்ததால், மற்ற இடங்களில் உழவர் நம்பி விதைக்கக்கூடியனவாக இருந்தவை இரண்டே தானியங்கள்: பேர் என்று வழங்கப்படும் பழைய பார்லி வகை ஒன்று, ஓட்ஸ் மற்றொன்று. ஓட்ஸ் தொடக்கத்திலேயே பயிராகக் கருதி விதைக்கப்பட்டதன்று என்பது தாவரவியலாளர் கொள்கை. கோதுமை, பார்லி வயல்களில் களையாகப் புகுந்து, வேளாண்மை வடக்கு நோக்கிப் பரவியபோது குளிரும் மழையும் தாங்காமல் முதற்பயிர் நலிய, தாங்கி நின்ற களையே பயிராக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அவர்கள் விளக்குவர். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி, ஜெர்மானியக் குடிகள் ஓட்ஸை விதைத்து அதன் கஞ்சியை உண்டு வாழ்வதாகத் தம் இயற்கை வரலாற்று நூலில் குறித்திருப்பது, தெற்கத்தியரின் வியப்பு எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது.

பாலும் சர்க்கரையும் பழத்துண்டுகளும் சேர்ந்த காலைச் சிற்றுண்டியாக இன்று உலகெங்கும் அறியப்படும் இத்தானியம், ஸ்காட்லாந்தில் குறைந்தது இரண்டு நூற்றாண்டுக் காலம் உப்பிட்டு உண்ணப்பட்ட முழு உணவாகவும், பண்ணைக் கூலியாகவும், மாணவனின் பருவச் செலவாகவும் விளங்கியது. அந்த உப்பை ஒரு நாட்டாரின் நாக்கு விருப்பம் என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஒரு தானியம் வயிற்றை நிரப்பும் அன்றாட உணவாக இருக்கும்வரை அதில் உப்பே விழுந்தது என்பதையும், அது பல உணவுகளுள் ஒன்றாகச் சுருங்கிய பின்னரே சர்க்கரை அதில் ஏறியது என்பதையும் ஓட்ஸின் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

ஓட்ஸ் மணியை உணவாக்குவது எளிய வேலையன்று. மற்றத் தானியங்களைவிட அதில் கொழுப்பு மிகுதி. அக்கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் மணிக்குள்ளேயே இருப்பதால், பச்சையாக அரைத்த மாவு சில நாட்களிலேயே கசந்து காறத் தொடங்கிவிடும். மேலும், மழைநாட்டில் அறுத்த கதிர் ஈரத்தோடுதான் களத்துக்கு வரும். இவ்விரண்டு இடர்களுக்கும் ஸ்காட்லாந்து கண்ட ஒரே விடை உலர்த்துசூளை. துளையிட்ட இரும்புத் தகடுகளாலோ, பழங்காலத்தில் குச்சிகளும் வைக்கோலும் பரப்பியோ அமைத்த தளத்தின்மீது தானியத்தைக் கொட்டி, கீழே பீட் எனப்படும் சதுப்புநில மக்குக்கரியையோ முன்பு நீக்கிய உமியையோ எரித்து, கருகிவிடாமல் துடுப்பால் புரட்டிப் புரட்டி உலர்த்துவர். இச்சூட்டில் நொதி செயலிழக்கும், உமி நொறுங்கும் பதத்துக்கு வரும். அதோடு வறுத்த கொட்டையை ஒத்த ஒரு மணமும் மணியில் ஏறும். பிறகு அகன்ற இடைவெளி வைத்த எந்திரக்கற்களுக்கிடையே செலுத்தி உமியை நீக்கித் தூற்றி, எஞ்சிய பருப்பைக் கற்களை நெருக்கி அரைத்தால் கிடைப்பதே ஓட்மீல். இதனை வெறும் மாவு என்று எண்ணிவிடக் கூடாது. பருப்பை இரண்டு மூன்றாக உடைத்த குருணையிலிருந்து நொய், ரவை, மாவு என்று பதம்பதமாக அது பிரிக்கப்பட்டது. கஞ்சிக்கு ஒரு பதம், அடைக்கு ஒரு பதம், மீனைப் புரட்டுவதற்கு ஒரு பதம் என்று வீட்டுப் பெண்கள் வேறுபாடு அறிந்து வாங்கினர்.

இந்த ஆலைகள் உழவனுக்கு உரிமையானவையல்ல. நிலக்கிழாரின் குத்தகைக்காரர்கள் அவருடைய ஆலையிலேயே தானியத்தை அரைத்து, அரைத்ததில் ஒரு பங்கைக் கட்டணமாக விட்டுவர வேண்டும் என்ற கட்டுப்பாடு தேர்லேஜ் என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் நிலவியது. ஆலைக்கற்களை உருட்டிக் கொண்டுவருவதும் ஆலைக்கூரையைப் பழுதுபார்ப்பதும்கூடப் பல இடங்களில் குத்தகைக்காரரின் தலையிலேயே விழுந்தன. 1799ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையைப் பணமாக மாற்றிக் கட்டித் தீர்க்க வழிசெய்த பின்னரே அது மெல்ல மறைந்தது.

ஓட்ஸ் தொன்றுதொட்டு ஸ்காட்லாந்தியரின் உணவு என்று எழுதும் நூலாசிரியர்கள் தவறாமல் காட்டும் சான்று பிரெஞ்சு மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் ஃப்ருவாசாருடையது. 1327ஆம் ஆண்டு ஆங்கிலேயர்மீது படையெடுத்த ஸ்காட்லாந்துக் குதிரைவீரர், சேணத்தோடு ஒரு தட்டையான இரும்புத் தகட்டையும் ஒரு பை ஓட்மீலையும் எடுத்துச் சென்றதாகவும், இறைச்சி தின்று வயிறு மந்தமானால் மாவை நீரில் குழைத்துத் தகட்டில் மெல்லிய அடையாகச் சுட்டுத் தின்றதாகவும் அவர் எழுதுகிறார். அவர் பிறப்பதற்கு முன் நடந்த போர் அது என்றாலும், ஆங்கிலேயர் பக்கம் நின்று அதை நேரில் கண்ட ழான் லெ பெல் என்பவரின் நூலை அவர் தழுவியிருப்பதால் செய்தியை நம்பலாம். ஆயினும் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று அக்குறிப்பிலேயே உள்ளது. அவ்வீரர்களின் முதன்மை உணவு இறைச்சி; ஓட்ஸ் துணையாகவே வருகிறது. ஸ்காட்லாந்தின் விலைவாசியையும் கூலியையும் உணவையும் ஆராய்ந்த கிப்சன், ஸ்மவுட் என்னும் வரலாற்றறிஞர் இருவரும் இதே திசையில் வாதிடுகின்றனர். இடைக்காலத்தில் இறைச்சியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சாதாரண மக்களுக்கும் ஓரளவு கிட்டின என்றும், மக்கள்தொகை பெருகி மேய்ச்சல் நிலங்கள் உழவுக்கு மாறிய 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் ஓட்மீல் அவர்களுடைய கலத்தை முழுதாக ஆக்கிரமித்தது என்றும் அவர்கள் காட்டுகின்றனர். ஆகவே, பின்னாளில் தேசியப் பெருமையாகப் பாடப்பட்ட உணவுமுறை உண்மையில் ஒரு நெருக்கடியின் விளைவு; கால்நடைச் செல்வம் கையைவிட்டுப் போனபின் எஞ்சியது.

அந்த ஒற்றைத் தானிய வாழ்வு எவ்வளவு ஆபத்தானது என்பது 1690களின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்த அவ்வாண்டுகளில் பசியாலும் நோயாலும் நாட்டைவிட்டு வெளியேறியதாலும் மக்கள்தொகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை குறைந்திருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் பண்ணையாள்களுக்குக் கூலி பெரும்பகுதி ஓட்மீலாகவே அளக்கப்பட்டது. மணமான உழவாளுக்கு ஆண்டொன்றுக்கு ஆறரை போல் என்பது பரவலாக வழங்கிய படி. போல் என்பது 140 பவுண்டு நிறை கொண்ட ஓட்மீல் அளவு. கணக்கிட்டால் ஆண்டுக்கு 910 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 413 கிலோ, நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதனோடு பாலும் உருளைக்கிழங்கும் குடியிருக்க ஒரு குடிலும் சேரும். கையில் வரும் காசு சொற்பமே. இப்படி அளக்கும் வழக்கம் சில பண்ணைகளில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை நீடித்தது. வீட்டுக்கு வந்த ஓட்மீலைக் கிர்னல் எனப்படும் மரக்குதிரில் கொட்டி, காற்று புகாதபடி கெட்டியாக மிதித்து அடைப்பர். கால் கழுவிய சிறுவர்களை உள்ளே இறக்கி மிதிக்கச் செய்ததாகவும் குறிப்புகள் உள்ளன.

மணமாகாத உழவாள்களின் நிலை வேறு. ஆங்கஸ், பெர்த், கின்கார்டின் பகுதிகளின் பெரும்பண்ணைகளில் அவர்கள் பாத்தி எனப்படும் கொட்டகைகளில் கூட்டமாகத் தங்கி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே ஆக்கிக்கொண்டனர். விடியற்காலையில் குதிரைகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்தவனுக்கு அரைமணி நேரம் அடுப்படியில் நின்று கஞ்சி கிண்டுவதற்குப் பொழுது இல்லை. அதனால் அவர்கள் உணவு ப்ரோஸ். மரக்கிண்ணத்தில் இரண்டு கைப்பிடி ஓட்மீலைப் போட்டு, உப்பைத் தூவி, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி, கரண்டிக் காம்பால் நாலைந்து சுற்றுக் கிளறி, தட்டால் சிறிது நேரம் மூடிவைத்தால் ப்ரோஸ் ஆயிற்று. அடுப்பில் ஏற்றி வேகவைக்காததால் உள்ளே ஆங்காங்கே மாவுக்கட்டிகள் நிற்கும். வெளியில் குழைந்தும் நடுவில் உலர்ந்தும் இருக்கும் அக்கட்டிகள் ப்ரோஸின் குறையாகக் கருதப்படவில்லை, பல்லுக்குக் கிடைக்கும் பொருளாகவே விரும்பப்பட்டன. வெந்நீருக்கு மாற்றாகக் கேல் என்னும் சுருள் இலைக்கீரை வேகவைத்த நீரை ஊற்றினால் அது கேல் ப்ரோஸ். மாட்டிறைச்சி வெந்த நீரின் மேலே மிதக்கும் கொழுப்பையும் சேர்த்து ஊற்றினால் அது விருந்து. காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும் ப்ரோஸையே உண்டு ஆண்டுகளைக் கழித்த உழவாள்கள் அதைப் பழித்துப் பாடிய நாட்டுப்பாடல்களும் உண்டு. ஓட்ஸின் புகழை நகரத்துக் கவிஞர்களிடம் மட்டும் கேட்டறிந்தவர்கள் இந்த ஏளனத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

போரிட்ஜ் எனப்படும் கஞ்சி, ப்ரோஸைப்போல் அவசர உணவன்று. அடுப்புக்கும் பொறுமைக்கும் உரியது. நீர் தளதளவென்று கொதிக்கும்போது இடக்கையால் ஓட்மீலை மழைத்தூறலாகச் சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே வலக்கையால் ஸ்பர்ட்டில் என்னும் உருண்ட மரக்கோலைச் சுழற்ற வேண்டும். தட்டையான கரண்டிக்கு மாறாகக் கோலைப் பயன்படுத்துவதன் காரணம், மாவை அது இழுத்துச் சேர்க்காமல் பிளந்துகொண்டு போவதால் கட்டி தட்டாது என்பதே. கோலைச் சூரியன் செல்லும் திசையில், அதாவது வலஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும் என்ற நம்பிக்கை மலைநாட்டில் உறுதியாக இருந்தது. உப்பை எப்போது இடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஸ்காட்லாந்து சமையல் மரபுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்ட எஃப். மரியன் மெக்நீல், மணிகள் வெந்து மலர்ந்த பின்னரே உப்பிட வேண்டும் என்றும், முன்னதாக இட்டால் அவை இறுகிவிடும் என்றும் எழுதுகிறார். கொதிநீரிலேயே உப்பைப் போட்டுவிடும் வீடுகளும் குறைவல்ல. உண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. பாலைக் கஞ்சியில் ஊற்றிக் கலப்பதில்லை. சூடான உப்புக்கஞ்சி ஒரு கிண்ணத்திலும் குளிர்ந்த பாலோ பாலேடோ மோரோ இன்னொரு கிண்ணத்திலும் இருக்க, கொம்பினால் செய்த கரண்டியில் கஞ்சியை மொண்டு, அக்கரண்டியைப் பாலில் தோய்த்து, சூடும் குளிர்ச்சியும் கலவாத நிலையிலேயே வாயிலிடுவர். உப்பின் சுவை பாலில் கரைந்து போகாமல் நிற்பது இதனால்தான். மிஞ்சிய கஞ்சியை மேசை இழுப்பறையில் ஊற்றி ஆறவைத்து, மறுநாள் களித்துண்டுகளாக வெட்டி வயலுக்கு எடுத்துச் சென்றதாகப் பரவலாகச் சொல்லப்படும் செய்தியை முழுக்க நம்புவதா என்பது வாசகரின் விருப்பம். ஆறிய கஞ்சி வெட்டும் பதத்துக்கு இறுகும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இக்கஞ்சியில் விழுந்த உப்பு வந்த வழியும் எளியதன்று. வெயிலில் கடல்நீரை ஆவியாக்கும் உப்பளங்களுக்கு அந்நாட்டு வானிலை இடந்தராததால், ஃபோர்த் கழிமுகக் கரையில் உள்ள பிரஸ்டன்பான்ஸ் முதலிய ஊர்களில் அகன்ற இரும்புக் கொப்பரைகளில் கடல்நீரை ஊற்றி, அருகில் வெட்டிய நிலக்கரியை எரித்துக் காய்ச்சியே உப்பு எடுத்தனர். 1606ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரித் தொழிலாளரோடு இவ்வுப்புக் காய்ச்சுவோரையும் முதலாளியின் அனுமதியின்றி வெளியேற முடியாத கொத்தடிமைகளாக்கியது. 1775, 1799 ஆண்டுகளின் சட்டங்களாலேயே அந்தத் தளை அறுந்தது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு, ஸ்காட்லாந்தில் காய்ச்சிய உப்புக்கு ஆங்கில வரியிலிருந்து ஏழாண்டு விலக்கு அளித்தது. மீனும் இறைச்சியும் உப்பிட்டுக் காக்கும் தொழில்களை முன்னிட்டு எழுதப்பட்ட பிரிவு அது என்றாலும், ஏழையின் கிண்ணத்தையும் அது தொட்டது. உப்புவரி முழுதும் நீங்கியது 1825இல்.

ஓட்ஸில் எதையும் வீணாக்கவில்லை என்பதற்குச் சோவன்ஸ் என்ற உணவே போதிய சான்று. ஆலையில் நீக்கிய உமியில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். அவ்வுமியை மரத்தொட்டியில் நீரூற்றி ஊறவைத்து, நாலைந்து நாள் முதல் ஒரு வாரம்வரை புளிக்கவிடுவர். பிறகு உமியைப் பிழிந்து எடுத்துவிட்டு, வடித்த நீரை அசையாமல் வைத்தால் வெண்மையான மாவு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் புளிப்பு நீரைக் குடிப்பதற்கு இறுத்துக்கொண்டு, அடிமண்டியை உப்போடும் நீரோடும் சேர்த்துக் காய்ச்சினால் வழவழப்பான, புளிப்பேறிய கூழ் கிடைக்கும். நோயாளிகளுக்கும் எளிதில் செரிக்கும் உணவாக இது மதிக்கப்பட்டது. வடகிழக்குப் பகுதிகளில் கிறிஸ்துமஸ் முன்னிரவுக்கு உரிய உணவாகவும் இருந்தது. கிராமத்து ஆலைகள் மூடப்பட்டு, மாவொட்டிய உமி கிடைப்பது அரிதானபோது சோவன்ஸும் மறைந்தது. செய்முறை மறந்துபோனதால் அன்று, மூலப்பொருள் இல்லாமற் போனதால் அழிந்த உணவு அது.

உப்பும் கொழுப்பும் கூடிய பிற வகைகளும் இருந்தன. மாட்டுக்கொழுப்பில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, அதில் ஓட்மீலைக் கொட்டிப் பொலபொலவென்று வரும்வரை வறுத்தால் ஸ்கர்லி. அதே கலவையைக் குடலில் திணித்து வேகவைத்தால் வெண்புட்டிங். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றை நறுக்கி ஓட்மீலோடும் வெங்காயத்தோடும் மிளகோடும் ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைக்கும் ஹேகிஸ், ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் அதை விளித்துப் பாடியதால் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஹெர்ரிங் மீனை ஓட்மீலில் புரட்டிப் பொரிப்பது கடற்கரை ஊர்களின் வழக்கம். இவற்றோடு ஒவ்வொரு குடிலின் பின்புறத்திலும் கேல் கீரைப்பாத்தி ஒன்று இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். ஓட்ஸ், கேல், பால் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது ஊட்டத்தில் பெரிய குறை ஏற்படவில்லை. பாலோ கீரையோ இல்லாமற் போனபோதுதான் உடல் நலிந்தது.

பல்கலைக்கழகங்களிலும் ஓட்மீல் தன் தடத்தைப் பதித்தது. நகரில் அறை எடுத்துத் தங்கிய ஏழை உழவர் வீட்டு மாணவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டை ஓட்மீலை வைத்தே படிப்புக்காலத்தை ஓட்டினர். மூட்டை தீரும் வேளையில் ஊருக்குப் போய் மீண்டும் நிரப்பி வருவதற்காக விடப்பட்டது என்று கருதப்படும் மீல் மண்டே என்னும் திங்கட்கிழமை விடுமுறை, மூட்டை தூக்கும் தேவை போன பின்னும் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற இடங்களில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

லண்டனில் 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைக்கு இடப்படும் இத்தானியம் ஸ்காட்லாந்தில் மனிதரைத் தாங்குகிறது என்ற பொருளில் எழுதிய விளக்கம், அந்நாட்டாரை நெடுங்காலம் உறுத்தியது. கொள்ளை ரசம் வைத்தும் துவையல் அரைத்தும் உண்ணும் தமிழருக்கு, குதிரையோடு தானியத்தைப் பகிர்வதில் என்ன இழுக்கு என்று தோன்றக்கூடும். உண்மையில் ஜான்சனின் கூற்று இங்கிலாந்துக்கே முழுதும் பொருந்தாது. லங்காஷயர், யார்க்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் ஆகிய வடக்கு, நடுப்பகுதிகளில் ஆங்கிலேயரே ஓட்ஸ் அடை சுட்டுத் தின்றுகொண்டிருந்தனர். ஸ்டாஃபர்ட்ஷயரில் நுரைக்கச் செய்த மாவில் தோசைபோல் வார்க்கப்படும் மென்மையான அடை இன்றும் பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சியும் வைத்து மடித்து விற்கப்படுகிறது.

சரிவு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தொடங்கியது. 1846இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிய மலைநாட்டில், சாலை போடும் வேலைக்குக் கூலியாக நிவாரணக் குழுக்கள் அளந்தது ஓட்மீலைத்தான். அச்சாலைகளுள் சில இன்றும் வறுமைச் சாலைகள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் தொழிற்சாலை நகரங்களில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய வட அமெரிக்கக் கோதுமை ரொட்டியை மலிவாக்கியது. 1874இல் பிரிட்டன் சர்க்கரைமீதான இறக்குமதி வரியை நீக்கியது. தேநீர் ஏழைக்கும் எட்டியது. காலையில் ஆலைச் சங்கு ஊதுமுன் புறப்பட வேண்டிய பெண்ணுக்குக் கஞ்சி கிண்டும் அரைமணி நேரத்தைவிட ரொட்டியும் பழப்பாகும் இனிப்புத் தேநீரும் வசதியாக இருந்தன. எடின்பரோத் தொழிலாளர் குடும்பங்களின் உணவை 1900ஐ ஒட்டி ஆராய்ந்த நோயல் பாட்டன் குழுவினர், காசுக்கேற்ற ஊட்டம் தரும் ஓட்மீலை மக்கள் கைவிட்டது குறித்து வருந்தினர். அடுப்பும் எரிபொருளும் நேரமும் இல்லாத ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்தோரிடம் அந்த அறிவுரை எடுபடாததில் வியப்பில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஓட்ஸ் மறுபிறவி எடுத்தது. ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபெர்டினண்ட் ஷூமாக்கர் 1850களில் ஓட்ஸ் ஆலை நடத்தத் தொடங்கினார். அதே மாநிலத்தின் ரவென்னாவில் இருந்த ஆலை ஒன்று 1877இல் குவேக்கர் என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. அவ்வாலையை வாங்கிய ஹென்றி குரோவெல், பருப்பை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கிய அவலை அட்டைப்பெட்டியில் அடைத்து, பெயரும் படமும் செய்முறையும் அச்சிட்டு விற்றார். மூட்டையிலிருந்து அளந்து விற்கப்பட்ட ஓட்மீலுக்கு ஊர்ப்பெயரும் ஆலைப்பெயரும் இருந்தன. பெட்டியில் வந்த அவலுக்கு விளம்பரம் இருந்தது. விரைவில் வேகும் அந்த அவல் காலை உணவு என்ற ஒற்றை வேளைக்கு உரியதாக விற்கப்பட்டு, சர்க்கரையும் பாலேடும் அதன் இயல்பான துணைகளாயின. ஸ்காட்லாந்தின் கடைகளையும் அவல் பிடித்துக்கொண்டது. கஞ்சியில் உப்பிடுவதா சர்க்கரை இடுவதா என்ற வழக்கு அந்நாட்டில் எழுந்ததே அதன் பின்னர்தான். மூன்று வேளையும் அதையே உண்டவனுக்கு அப்படியொரு கேள்வி இருந்திருக்க வழியில்லை.

அந்த அவல் இந்தியாவுக்கு வந்தபோது கதை இன்னொரு திருப்பம் கண்டது. இந்தியாவில் ஓட்ஸ் நெடுங்காலம் வடமாநிலங்களில் கால்நடைக்கான பசுந்தீவனமாகவே பெரிதும் பயிரிடப்பட்டது. உடல்நலத்தின் பெயரால் உணவுக்கடைகளில் அது நுழைந்தபோது, பாலும் சர்க்கரையும் கலந்த குழைவான காலை உணவு பலருக்கும் ஒட்டவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்த ஓட்ஸ் உப்புமாவாகவும் மிளகும் சீரகமும் சேர்ந்த பொங்கலாகவும் அது மாறியது. நிறுவனங்களும் மசாலா கலந்த உப்புவகைப் பொட்டலங்களை இறக்கின. ஸ்காட்லாந்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே, வயிறு நிரப்பும் தானியத்தில் உப்புப் போடும் பழக்கம் இங்கே தானாகச் செயல்பட்டது.

ஸ்காட்லாந்திலோ உப்புக்கஞ்சி இப்போது ஓரளவு விழாப்பொருள். மலைநாட்டுச் சிற்றூரான கார்பிரிட்ஜில் 1994 முதல் நடக்கும் உலகக் கஞ்சிப் போட்டியில், பொற்கோல் பரிசுக்கு உரிய மரபுப் பிரிவில் ஓட்மீல், நீர், உப்பு என்ற மூன்றுக்கு மேல் எதுவும் கூடாது. ஆவியில் வெந்த அவலுக்கும் அங்கே இடமில்லை. வீட்டு மேசைகளில் பெரும்பாலும் தேனும் பழமும்தான். ஆனால் கஞ்சியாக ஆகாத ஓட்ஸ் மட்டும் இந்த மாற்றங்களுக்கு வெளியே நின்றுவிட்டது. இறைச்சிக் கடைகளில் ஸ்கர்லியும் ஹேகிஸும் இன்றும் விற்கின்றன. அபர்டீன் பக்கத்து மீன்வறுவல் கடைகளில், மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த வெண்புட்டிங்கை உருளைக்கிழங்கு வறுவலோடு தாளில் சுற்றி, மேலே உப்பும் வினிகரும் தெளித்துக் கொடுக்கிறார்கள். வாங்கிச் செல்வோரில் பலர் அதை ஓட்ஸ் உணவு என்று எண்ணுவதுகூட இல்லை.